சுண்டல் தண்ணீர் குடிக்கும் வீடியோ

அழகிரியை நாய் கடித்தபோது நேரம் நன்றாகத்தான் இருந்தது. துறையூரிலிருந்து கிளம்பும் முன்பே அவன் அம்மா வேலம்மாள் காலண்டரைப் பார்த்து, ராகுகாலமும் எமகண்டமும் இல்லாத வேளையைப் பொறுக்கி எடுத்து, எதிர்வீட்டுக்காரியை நிறைகுடத்தோடு எதிரே வரச் சொல்லி, அதற்குப் பிறகுதான் காரில் ஏறியிருந்தாள். பெண் வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில். அழகிரிக்கு வயது முப்பத்தொன்று. துறையூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடை வைத்திருந்தான். அப்பா இல்லை. அம்மாவும், காரை ஓட்டி வந்த சித்தப்பா பாலுவும் மட்டும் உடன் வந்திருந்தார்கள்.

பெண்ணின் பெயர் கலைமதி. நுண்ணுயிரியல் படித்துவிட்டுத் தில்லைநகரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். தரகர் அதை 'ரத்த டெஸ்ட் எடுக்கிற வேலை' என்று சுருக்கிச் சொல்லியிருந்தார். அவள் அப்பா நல்லுசாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வருகிறவர்களையும் 'உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு' என்று முதுகில் கைவைத்து நகர்த்துகிற பழக்கம் அவரைவிட்டு இன்னும் போகவில்லை. அம்மா ராசாத்தி கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் போட்டிருந்தாள்.

பஜ்ஜி பாதியில் இருக்கும்போது அழகிரிக்குப் போன் வந்தது. நெல்லில் புகையான் பூச்சி விழுந்துவிட்டதென்று ஒரு விவசாயி பதறினார். உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. அழகிரி எழுந்து வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போய், மருந்து அளவைச் சொல்லிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தான். அங்கே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சுண்டல் தூங்கிக்கொண்டிருந்தது.

சுண்டல் அந்த வீட்டு நாய். குட்டியாக ஒரு நவராத்திரியில் தெருவிலிருந்து வந்து, கொலுவுக்கு வந்தவர்கள் கொடுத்த சுண்டலைத் தின்றே வளர்ந்து, அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டு தங்கிவிட்டது. யாரையும் கடித்ததில்லை. ஆனால் யாரும் அதன் வாலை மிதித்ததுமில்லை. அழகிரி வெறுங்காலோடு இருந்தாலும் எழுபத்தெட்டுக் கிலோ. வால் மிதிபட்டதும் சுண்டல் கண்ணைத் திறக்காமலே திரும்பி அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. கவ்விய பிறகுதான் விழித்தது. செய்த காரியம் புரிந்ததுபோல் உடனே விட்டுவிட்டு, தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

அழகிரி போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். வேட்டியில் ரத்தம். ராசாத்தி மஞ்சள்பொடி டப்பாவோடு வந்தாள். பாலு சித்தப்பா மிளகாய்ப்பொடிதான் கைகண்ட மருந்து என்றார். காப்பிப்பொடியும் ஆகும் என்றார். நல்லுசாமி தாம்பாளத்திலிருந்த வெற்றிலையோடு சுண்ணாம்பையும் தூக்கி வந்திருந்தார். வேலம்மாள் மட்டும் பக்கத்தில் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கலைமதி பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். அழகிரியைக் கொல்லைப்புறக் குழாயடிக்கு நடத்திக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தாள். குழாயைத் திறந்து, துணி சோப்பை எடுத்துக் காயத்தில் தேய்த்தாள். பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், ஒரு நிமிஷம்கூடக் குறையக்கூடாது என்றாள். அந்தக் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்புச் சட்டை உண்டு, சோப்புப் பட்டால் அது கரைந்துபோகும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நம்மால் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் இதுதான் என்று விளக்கினாள்.

பையனும் பெண்ணும் தனியாகக் கொஞ்சம் பேசட்டும் என்று பெரியவர்கள் முன்பே பேசிவைத்திருந்தார்கள். அது இப்படி நடந்தது. எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அழகிரி கேட்ட முதல் கேள்வி, நாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா என்பது.

கலைமதி சோப்பை நிறுத்தினாள்.

"போன வருஷம் போட்டது. இந்த வருஷம் ஆடியிலயே போட்டிருக்கணும். மறந்துட்டேன்."

"நீங்க கிருமியப் பத்திப் படிச்சவங்கன்னு சொன்னாங்க."

"அதனாலதாங்க சொல்லவே வெக்கமா இருக்கு" என்றாள் அவள். மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

அழகிரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் போட்டாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாமே, சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது. தனக்கு ஊசி என்றால் பயம் என்பதை அவனும் அப்போதே சொல்லிவிட்டான்.

ஸ்ரீரங்கம் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பீமராவ் காயத்தைப் பார்த்தார். பல் நன்றாக இறங்கியிருக்கிறது, அதனால் இரண்டு விதமான ஊசி போட வேண்டும் என்றார். ஒன்று தடுப்பூசி, இன்றைக்கும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், கடைசியாக இருபத்தெட்டாம் நாளும். இன்னொன்று இன்றைக்கு மட்டும், காயத்தைச் சுற்றியே. அதுவரை வாயே திறக்காத வேலம்மாள் அப்போது, "தொப்புளச் சுத்தியா டாக்டர்?" என்று கேட்டாள். அதெல்லாம் அந்தக் காலம் அம்மா, இப்போது கையில் கொசு கடிக்கிற மாதிரிதான் என்று டாக்டர் சிரித்தார். வேலம்மாள் சிரிக்கவில்லை.

கையில் போட்டது உண்மையிலேயே கொசுக்கடிதான். அழகிரி சுவரில் ஒட்டியிருந்த குடும்பநல விளம்பரத்தில் பாதி வாசிப்பதற்குள் முடிந்துவிட்டது. காயத்தைச் சுற்றிப் போட்டபோது மட்டும் பாலு சித்தப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக் கிழித்துவிட்டான்.

பெஞ்சில் உட்கார்ந்து ஆசுவாசப்படும்போது, எதற்கு இரண்டு ஊசி என்று கேட்டான். கூட வந்திருந்த கலைமதி தன் அப்பாவின் பழைய வேலையை வைத்தே சொன்னாள். இந்த வைரஸ் ரத்தத்தில் ஓடாது. நரம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு விரல், இரண்டு விரல் தூரம் என்று மூளையைப் பார்த்து ஏறும். எல்லா ஸ்டாப்பிங்கிலும் நின்று போகிற பஸ் மாதிரி. கெண்டைக்காலிலிருந்து தலைக்கு ரொம்ப தூரம். அதுதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். தடுப்பூசியில் இருப்பது செத்துப்போன வைரஸ். அதனால் ஒரு கெடுதலும் செய்ய முடியாது. ஆனால் உடம்பு அதன் உருவத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, அதைப் பிடித்து முடக்குகிற எதிர்ப்புப் பொருளைத் தானே செய்யக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் யாராவது வாசலில் நிற்க வேண்டுமே. அதற்குத்தான் வெளியில் தயாரான எதிர்ப்புப் பொருளையே காயத்தில் போடுகிறார்கள்.

"அப்ப வலிச்சது காவக்காரன்" என்றான் அழகிரி.

"ஆமா. சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி கேப்பான்."

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நாயைப் பத்து நாள் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். கடித்த அன்றைக்கு அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய்க்கே நோய் வந்து செத்துப்போகும். பத்து நாள் கழித்தும் வாலாட்டிக்கொண்டு நின்றால் கவலையில்லை, கடைசி ஊசியை வேண்டுமானால் விட்டுவிடலாம். தினமும் நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாளே வேலம்மாள் தரகரைக் கூப்பிட்டு அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போன இடத்தில் ரத்தம் சிந்தியாயிற்று, சகுனம் சரியில்லை என்றாள். அழகிரி என்ன சொல்லியும் எடுபடவில்லை. தரகர் அதை நல்லுசாமியிடம் சொன்னார். நல்லுசாமி போனை வைத்துவிட்டு, தொட்டியடியில் படுத்திருந்த சுண்டலைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

வரன் முடிந்துபோனது. ஆனால் நாய் விசாரணை முடியவில்லை. அது டாக்டர் சொன்னது. வேலம்மாளாலும் தடுக்க முடியாது. உண்மையில் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் "நாய் எப்படி இருக்காம்?" என்று முதலில் கேட்டவளே அவள்தான்.

முதல் நாள் அழகிரி ராசாத்தியிடம்தான் பேசினான். அவள் மன்னிப்புக் கேட்டதிலேயே போன் முடிந்தது. அடுத்த நாள் கலைமதி எடுத்தாள். தினம் வாயால் சொல்வதைவிட வீடியோ அனுப்பிவிடுகிறேன் என்றாள். நோய் வந்த நாய்க்குத் தொண்டை இறுகித் தண்ணீரே இறங்காது. அதனால் சுண்டல் தண்ணீர் குடிப்பதைப் படம் பிடித்து அனுப்பினாள். ஈயக் கிண்ணத்தில் சளப் சளப் என்று குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கிக் கேமராவைப் பார்த்து நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. அழகிரி கடையைத் திறந்ததும் அதைப் பார்த்தான். யூரியா வாங்க வந்தவர்களும் பார்த்தார்கள். மூன்றாம் நாள், கொப்பம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் வந்ததும் வராததுமாக, இன்றைக்கு நாய் குடித்ததா என்று கேட்டார்.

வீடியோ வந்தால் நன்றி சொல்ல வேண்டுமே. நன்றி சொன்னால் அவள் ஏதாவது சொல்லுவாள். மூன்றாம் நாள் ஊசியைத் துறையூரிலேயே போட்டுக்கொண்டு, அதை அவளிடம் சொல்வதற்காகக் கூப்பிட்டவன், கடையில் இரண்டு பேர் காத்திருப்பதையும் மறந்து பேசிக்கொண்டிருந்தான். அவள் வேலை என்னவென்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. நோயாளியிடமிருந்து வந்த மாதிரியை ஒரு தட்டில் ஜெல்லி மாதிரியான சத்தின்மேல் தடவி வைப்பார்கள். மறுநாள் அதில் வளர்ந்த கிருமியை எடுத்து இன்னொரு தட்டில் பரப்புவார்கள். வெவ்வேறு மருந்தில் நனைத்த குட்டி வட்டக் காகிதங்களை அதன்மேல் வைத்தால், எந்த மருந்து வேலை செய்கிறதோ அதைச் சுற்றி மட்டும் கிருமி முளைக்காமல் வெறும் வட்டமாக இருக்கும்.

"களைக்கொல்லி சிந்துன எடத்துல புல்லு முளைக்காத மாதிரி" என்றான்.

கல்லூரியில் மூன்று வருஷம் படித்தும் யாரும் இவ்வளவு சுலபமாகச் சொல்லித் தரவில்லை என்றாள். அவன் கடையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டாள். விதை, உரம், பூச்சிமருந்து, கடலைக்கு ரைசோபியம், நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் என்று அவன் வரிசையாகச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதெல்லாம் என்னன்னு நெனச்சீங்க? உயிரோட இருக்கற பாக்டீரியா. நானாவது தட்டுல வளக்கறேன். நீங்க பாக்கெட் போட்டு விக்கறீங்க."

கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் தெரிகிற முடிச்சுக்குள் குடியிருந்துகொண்டு, காற்றிலிருந்து சத்தெடுத்துச் செடிக்குக் கொடுப்பது அந்தக் கிருமிதான் என்றாள். பாக்கெட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டாள். தகரக் கூரைக்குக் கீழே, மேல் தட்டில் என்றான். வெயிலில் அவ்வளவும் செத்துப்போயிருக்கும், கீழே நிழலுக்குக் கொண்டுவாருங்கள் என்று கண்டித்தாள். அன்று மத்தியானம் அழகிரி ஏணி போட்டு ஏறி எல்லாவற்றையும் இறக்கினான். பழசை ஒதுக்கிவிட்டுப் புதிது வரவழைத்தான்.

சனிக்கிழமை காலையில் வீடியோ வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கலைமதி அதற்குள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள். விடிந்து பார்த்தபோதே சுண்டல் இல்லை. ஈயக் கிண்ணத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வாழைத் தோட்டங்கள், அம்மா மண்டபம், கொள்ளிடக் கரை என்று ஸ்கூட்டியில் சுற்றினாள். தெற்கு வாசல் கடைகளில் போட்டோவைக் காட்டிக் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. களைத்துப்போய் வீட்டுக்கு வந்தவளிடம் ராசாத்தி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள். நேற்று எடுத்ததில் மிச்சம் இருக்குமே, அதையே இன்றைக்கும் அனுப்பிவிடு. பாவம், அந்தப் பிள்ளை எதற்கு வீணாகப் பயப்பட வேண்டும்?

கலைமதியின் போனில் இன்னொரு வீடியோ இருக்கத்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அழகிரிக்குப் போன் போட்டாள்.

அவன் ஒரு தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் கொடுக்கப் போயிருந்தான். கடையில் சார்ஜில் கிடந்த போனை அங்கே இருந்த வேலம்மாள் எடுத்தாள். கலைமதி ஒரு கணம் தடுமாறினாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிடலாம். ஆனால் அந்தக் குரல், "நாய் நல்லாருக்காம்மா?" என்று கேட்டுவிட்டது.

"நாயைக் காணோம்மா. காலையிலேருந்து தேடறேன். நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது."

திட்டப்போகிறாள் என்று கலைமதி நினைத்தாள். ஆனால் வேலம்மாள் மெல்லிய குரலில் வேறு ஏதோ பேச ஆரம்பித்தாள்.

அவள் பிறந்தது பச்சைமலையில். சின்னராசு என்று அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மரவள்ளிக் காட்டில் அவனை ஒரு நாய் கடித்தது. அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்கித் துறையூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். இரண்டு போட்டார்கள். அதற்கு மேல் அவன் வரமாட்டேன் என்று பலா மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். காயமும் ஆறியிருந்தது. நாயைக் கட்டிப்போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அது எங்கேயோ போய்விட்டது. புள்ள அழுவுறானே என்று அப்பா விட்டுவிட்டார். ஒன்றரை மாசம் நன்றாக ஓடி விளையாடினான்.

"அப்பறம் தண்ணியக் கண்டாலே பயந்தான்ம்மா" என்றாள் வேலம்மாள். அதற்கு மேல் அந்தக் கதையை அவள் சொல்லவில்லை.

வேலம்மாளே தொடர்ந்தாள்.

"சகுனம்னு தரகர்கிட்ட சொன்னது பொய்யி. எம் பையன் கால்ல ரத்தத்தப் பாத்ததும் எனக்கு எந்தம்பி மொகந்தான் தெரிஞ்சுச்சு. அந்த வீட்டு வாசல மறுபடி மிதிக்கவே பயம். இப்ப நீ சொல்லு. நாய் கெடைக்கலன்னாலும் ஊசி காப்பாத்துமா?"

"காப்பாத்தும்மா. சோப்புப் போட்டு நல்லாக் கழுவியாச்சு, காயத்துலயும் மருந்து போட்டாச்சு, ரெண்டு ஊசி தள்ளிப்போடாம நேரத்துக்குப் போட்டாச்சு. மிச்ச ரெண்டையும் விடாமப் போட்டுட்டா பயப்பட வேண்டியதில்ல. நாயப் பாக்கறது நம்ம மனசு நிம்மதிக்கு. ஒடம்பக் காப்பாத்தறது ஊசிதான்."

"நாளைக்கு ஊசிக்கு அங்கதான் கூட்டிட்டு வரேன்" என்றாள் வேலம்மாள். "நீ கூட இரு."

தோட்டத்திலிருந்து வந்த அழகிரிக்கு விஷயம் தெரிந்ததும் அவன் செய்த முதல் காரியம், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்ததுதான். முதல் மடக்கிலேயே புரையேறிவிட்டது. முடிந்தது கதை என்று திண்ணைபோல இருந்த உர மூட்டை அடுக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேலம்மாள் அவன் தலையில் தட்டிவிட்டு, கடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பஸ் இன்னும் முழங்காலையே தாண்டியிருக்காது என்றாள். கலைமதி சொன்ன கணக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் காதிலும் விழுந்திருந்தது. அப்புறம் இன்னொரு சொம்பு கொடுத்தாள். அது ஒழுங்காக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். நல்லுசாமி வாசலில் நின்றவர், உள்ளே போங்க என்று சொல்லவும் மறந்து ஒதுங்கி நின்றார். வேலம்மாள் நேராகக் கலைமதியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றதுமே அந்தக் கை நடுங்கியது. எல்லோருக்கும் அது தெரிந்தது. நல்லுசாமிக்கும் தெரிந்தது.

மூன்றாவது ஊசி போட்டு அவர்கள் திரும்பி வந்தபோது அவர் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் ஓடிப்போகவில்லை என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவரேதான் அதைத் தெரிந்தவருடைய லோடு வண்டியில், வாழைக்கன்றுகளுக்கு நடுவே ஏற்றி, லால்குடியில் தன் அக்கா பாப்பாயி வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பெண்ணுக்கு வந்த நல்ல இடம் அந்த நாயால் போயிற்றே என்ற கோபம். பத்து நாள் கணக்கெல்லாம் சும்மா டாக்டர்கள் சொல்வது, இரண்டு நாள் தேடிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாராம். ஒரு மனுஷனின் உயிர்ப்பயம் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த அம்மாளின் கையைப் பார்த்த பிறகுதான் உறைத்ததாம்.

கலைமதி சத்தம் போடவில்லை. "நான் நேத்து கொள்ளிடக் கரை பூராத் தேடுனேன்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

உடனே லால்குடிக்குப் போன் போட்டார்கள். நாய் நன்றாக இருக்கிறது என்றாள் பாப்பாயி. அது போதாது, என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள் வேலம்மாள். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் கிடைத்தது. நல்லுசாமி எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தார். மகளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாளாடி தாண்டும்போது பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றார்.

பாப்பாயி வீட்டுக்குப் பின்னால் வயல். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. வரப்பில் ஆட்களைக் கண்டதும் சுண்டல் எங்கிருந்தோ பறந்து வந்தது. கலைமதியைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, அழகிரியைப் பார்த்ததும் சட்டென்று நின்றது. அவனும் நின்றான். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அது தயங்கி வாலை ஆட்டி, வாய்க்காலில் இறங்கி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது.

வேலம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது குடித்து முடித்து, நண்டு வளையை முகர்ந்து, தவளையைத் துரத்தி, சேற்றோடு வந்து நிழலில் படுக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாப்பாயி காப்பி கொண்டுவந்தபோது, இன்னும் மூன்று நாளைக்கு இதை யாரும் எங்கேயும் அனுப்பக்கூடாது என்று நல்லுசாமியைப் பார்த்துச் சொன்னாள். அவர் இல்லவே இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

கலைமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் வேலம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கிட்ட உண்மைய மறைக்கத் தெரியாத பொண்ணு நீ. நேத்து வேற யாரா இருந்தாலும் நாய் நல்லாருக்குன்னு சொல்லி வெச்சிருப்பாங்க. எனக்கு உன்னயப் புடிச்சிருக்கு. ஆனா நான் ஒருதரம் வேண்டாம்னு சொல்லிட்டேன். இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. நான் குறுக்க வரல."

அழகிரியும் கலைமதியும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். வீடியோ வராத ஒரு காலை எப்படி இருக்கும் என்று நேற்றுத் தெரிந்துகொண்டதாகச் சொன்னான் அழகிரி. நாய்க்காகவா என்று கேட்டாள். முதலில் நாய்க்காகத்தான், புரையேறி முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தால் நாய்க்காக மட்டும் இல்லை என்றான்.

கலைமதி சிரித்தாள். பிறகு தன் தரப்பைச் சொன்னாள். வேலையை விடமாட்டேன், துறையூரிலிருந்து தில்லைநகருக்குத் தினமும் போய்வர முடியாது, சுண்டலை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன். கடையை ஸ்ரீரங்கத்துக்கு மாற்று என்றும் உங்களைக் கேட்கமாட்டேன்.

அழகிரி மனசுக்குள் பஸ் ரூட்டைப் போட்டுப் பார்த்தான்.

"நடுவுல மண்ணச்சநல்லூர்ல வீடு பாத்தா?" என்றான். "உங்களுக்குத் தெக்க ஒரு பஸ்ஸு, எனக்கு வடக்க ஒரு பஸ்ஸு."

"கொல்லையோட பாருங்க. அதுக்கு ஓடறதுக்கு எடம் வேணும்" என்றாள் அவள்.

புதன்கிழமை பத்தாம் நாள். கலைமதி அனுப்பிய வீடியோவில், ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்திருந்த சுண்டல் தண்ணீர் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே கவிழ்த்தது. டாக்டர் பீமராவ் பார்த்துவிட்டு, நாய் உங்களைவிட நன்றாக இருக்கிறது என்றார். அந்த வாரமே அதற்கும் கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வாலைப் பிடிக்காமல், தலையை மட்டும் அழகிரி பிடித்துக்கொண்டான். கடைசி ஊசி கட்டாயமில்லை என்று டாக்டர் சொன்னபோதும் வேலம்மாள் கேட்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் மகனைக் கூட்டிக்கொண்டு போய், கையில் அந்தச் சின்னக் கொப்புளம் எழும்புவதைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள்.

தரகர் தனக்குத் தெரியாமலே கல்யாணம் நிச்சயமாகிவிட்டதே என்று கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார். தையில் முகூர்த்தம் வைத்தார்கள். இந்தத் தடவை நாளைப் பஞ்சாங்கம் மட்டும் குறித்துக் கொடுக்கவில்லை. கலைமதியின் பரிசோதனைக்கூடத்தில் லீவு கிடைக்கிற நாளையும், கடலை விதைப்பு முடிகிற நாளையும் சேர்த்துப் பார்த்தார்கள். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைத் தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு அமைந்தது. கொல்லையில் ஒரு வேப்பமரமும் ஒரு குழாயும் இருந்தன. அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று வீட்டுக்காரர், நாய் கடிக்குமா என்று கேட்டார். அழகிரி யோசித்து, வாலை மிதித்தால் கடிக்கும் என்று உள்ளதைச் சொன்னான்.